கதீட்டர் நுனி பிரஷர் தப்பாகக் காட்டுகிறதா? அறிகுறி வாரியாகத் தேடும் முறை

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் வளவை ஒட்டி வாடகைக்கு எடுத்த இரண்டு அறைதான் எங்கள் பட்டறை. நான்கு பேர் வேலை செய்கிறோம். இதயத் தமனிக்குள் போய் பிரஷர் அளக்கும் மெல்லிய கதீட்டர் ஒன்றை உருவாக்குவதுதான் வேலை. நுனியில் சிலிக்கான் சென்சார், உள்ளே மயிரிழைக் கம்பிகள், வெளியே ஒரு சின்னப் பெட்டி. இன்னும் மனிதருக்குள் போகவில்லை. மேஜைமேல் பம்ப், சிலிக்கோன் குழாயில் செய்த போலித் தமனி, அதற்குள் கிளிசரின் கலந்த தண்ணீர், இவ்வளவுதான் எங்கள் நோயாளி.

ஆஞ்சியோ படம் அடைப்பு இருப்பதைக் காட்டிவிடும். அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தை நிஜமாகவே தடுக்கிறதா என்பது படத்தில் தெரியாது. மருந்து கொடுத்து ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், அடைப்பைத் தாண்டியுள்ள பிரஷரை மகாதமனி பிரஷரால் வகுத்தால் வருவது எஃப்.எஃப்.ஆர். 1996-ல் பைல்ஸ், டி ப்ரூய்ன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் எல்லைக்கோடு 0.75. 2009-ல் வந்த ஃபேம் ஆய்வு 0.80-ஐ வைத்தது. இன்று பெரும்பாலும் 0.80-தான் பேச்சு. அதுவோ அதற்குக் கீழோ வந்தால் ஸ்டென்ட் பற்றி யோசிப்பார்கள், மேலே என்றால் மாத்திரையோடு விடலாம் என்பார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மகாதமனியில் 100. நுனி 81 காட்டினால் ஒருவர் வீட்டுக்குப் போகிறார், 79 காட்டினால் அவருக்கு ஸ்டென்ட் பேச்சு தொடங்குகிறது. நடுவில் வெறும் 2. இந்தக் கட்டுரையில் வரும் கோளாறு ஒவ்வொன்றும் அந்த 2-ஐச் சத்தமில்லாமல் சாப்பிடக்கூடியது. திரையில் அலை அழகாக ஓடும், எண் மட்டும் பொய்யாக இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

பிரஷர் எண்கள் எல்லாம் பாதரச மில்லிமீட்டர். கைடு கதீட்டர் (தமனியின் வாய்வரை போய், மற்ற கருவிகளுக்கு வழிவிடும் குழாய்) வழியாக வெளியே டிரான்ஸ்டியூசரில் (பிரஷரை மின் சிக்னலாக மாற்றும் கருவி) படிப்பதைக் ‘கைடு பிரஷர்’ என்றும், எங்கள் சென்சார் படிப்பதை ‘நுனி பிரஷர்’ என்றும் எழுதுகிறேன்.

தேடத் தொடங்கும் முன்: தூணில் ஒரு தண்ணீர்க் குழாய்

விலை உயர்ந்த காலிபரேட்டர் வாங்குமுன் இதைச் செய்யுங்கள். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஆகவே 136 செ.மீ. உயரத் தண்ணீர் 100 பிரஷருக்குச் சமம். 68 செ.மீ. என்றால் 50, 204 செ.மீ. என்றால் 150. எங்கள் வளவில் உள்ள தேக்குத் தூண் இதற்குப் போதும் போதும் என்னும் உயரம். அதில் ஆணி அடிக்க வீட்டுக்கார ஆச்சி விடமாட்டார்கள், அடிக்கவும் கூடாது. துணிநாடாவால் கட்டியிருக்கிறோம். ஒளி புகும் குழாய், அடியில் ஸ்டாப்காக் (திருகி மூடித் திறக்கும் சின்ன வால்வு), அதற்கடுத்து கதீட்டரை நுழைக்க ஒய் வடிவக் கனெக்டர். குழாயோரம் தையல்காரர் டேப் ஒட்டாதீர்கள், அது நீளும். இரும்பு டேப்பை வைத்து அளந்து கோடு போடுங்கள். தண்ணீர் டிஸ்டில்டாக இருக்கட்டும். உயரத்தை அளக்க வேண்டியது சென்சார் நுனி இருக்கும் மட்டத்திலிருந்து, ஸ்டாப்காக்கிலிருந்து அல்ல.

இந்தக் குழாய் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும். அசையாத தண்ணீரில் 0, 50, 100, 150 எல்லாம் ஒன்றுக்கு மேல் பிசகாமல் வருகிறதா? வந்தால் சென்சாரை விட்டுவிடுங்கள், கோளாறு வேறெங்கோ இருக்கிறது: 2 முதல் 7 வரையுள்ள அறிகுறிகளுக்குப் போங்கள். வராவிட்டால் முதல் அறிகுறியிலேயே நில்லுங்கள். இதைச் செய்யாமல் சென்சாரைக் கழற்றியவர்கள் நல்ல சென்சாரைக் கெடுத்திருக்கிறார்கள். நானும் இரண்டைக் கெடுத்தேன்.

அறிகுறி 1: ஜீரோ நிற்கவில்லை

பிரஷர் எதுவும் இல்லாதபோது 0 காட்டும்படி வைப்பதுதான் ஜீரோ செய்வது; அந்த 0 நகர்ந்துகொண்டே இருப்பது இந்தக் கோளாறு. இதுதான் அதிகம் வருவது, அதிக நாள் தின்றதும் இதுதான். எப்போது நகர்கிறது என்பதைப் பொறுத்துக் கிளை பிரியும்.

*சுவிட்ச் போட்டதும் நகர்கிறது, பிறகு நிற்கிறது.* கோளாறு இல்லை. பெட்டியும் சென்சாரும் சூடாக நேரம் எடுக்கும். இருபது நிமிடம் விட்டுவிட்டு ஜீரோ செய்யுங்கள். உலர்ந்த நுனியை வைத்து ஜீரோ செய்து பிறகு சலைனில் விட்டாலும் இதே ஓட்டம் தெரியும். முதலில் நனையுங்கள், பிறகு ஜீரோ.

*ஏ.சி. அறையில் சரி, உடல் சூட்டில் தள்ளிப்போகிறது.* 25 டிகிரியில் ஜீரோ செய்து 37 டிகிரியில் அளந்தால் சென்சாரின் வெப்பப் பிழை முழுவதும் எண்ணில் ஏறிவிடும். 37 டிகிரி சலைன் உள்ள குடுவையில் வைத்து ஜீரோ செய்து பாருங்கள். பிழை காணாமல் போனால் வெப்ப ஈடுசெய்யும் கணக்கைத்தான் சரிசெய்ய வேண்டும், சென்சாரை அல்ல. குடுவையில் நுனி எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மூன்று செ.மீ. மூழ்கியிருந்தாலே 2 கூடிவிடும்.

*பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நகர்கிறது.* இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

ஒரு சித்திரை மாதம். காலை எட்டு மணிக்குச் செய்த ஜீரோ பத்தரை வரை கல்லாக நிற்கும். பத்தரையிலிருந்து பதினொன்றேகாலுக்குள் நாலைந்து ஏறும், பிறகு தானாகவே இறங்கும். வெயில் ஏறுவதால் என்று நினைத்து ஏ.சி.யைக் கூட்டினோம். மாறவில்லை. கரண்ட் வோல்டேஜ் என்று நினைத்து ஸ்டெபிலைசர் மாற்றினோம். மாறவில்லை. ஒரு நாள் சாலிடரிங் பார்க்கும் தம்பி குடுவைப் பக்கம் குனிந்தான். எண் சட்டென்று இறங்கியது. நிமிர்ந்தான், ஏறியது. முற்றத்தின் திறந்த வானம் வழியே வரும் வெயில், அந்த முக்கால் மணி நேரம் மட்டும் எங்கள் அறைக் கதவைத் தாண்டி ஆத்தங்குடிக் கல்லில் ஊர்ந்து வந்து, மேஜை மூலையில் இருந்த குடுவைமேல் விழுந்துகொண்டிருந்தது. சிலிக்கானுக்கு வெளிச்சம் பட்டால் மின்னோட்டம் பிறக்கும். நுனிக்குத் திரை போடாத எங்கள் சென்சார் வெயிலையும் பிரஷராகப் படித்தது.

சோதனை எளிது. கறுப்புத் துணியால் நுனியை மூடுங்கள், டார்ச் அடியுங்கள், எண் ஆடுகிறதா பாருங்கள். ஒன்றுக்கு மேல் ஆடினால் நுனிமேல் ஒளி புகாத பூச்சு வேண்டும். தமனிக்குள் இருட்டுதானே, வெளிச்சத்தால் என்ன என்று கேட்கலாம். ஜீரோ செய்வது கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) மேஜையில், தலைக்கு மேல் விளக்கு எரியும்போது. வெளிச்சத்தில் எடுத்த ஜீரோவை இருட்டுக்குள் கொண்டுபோனால் அந்த வித்தியாசம் முழுக்க நோயாளியின் கணக்கில் விழும்.

*காற்றில் மணிக்கணக்கில் சரி, சலைனில் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது.* எங்கள் வரம்பு, 37 டிகிரி சலைனில் மணிக்கு 1-க்கு மேல் நகரக் கூடாது. அதற்கு மேல் என்றால் ஈரம் உள்ளே போகிறது. முதலில் சென்சாரைச் சந்தேகிக்காதீர்கள். கைப்பிடிப் பக்கக் கனெக்டரைப் பாருங்கள். சலைன் வழிந்து அங்கே காய்ந்து வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். டிஸ்டில்ட் வாட்டரால் கழுவி, ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கொண்டு துடைத்து, உலர்த்தி மறுபடி ஓடவிடுங்கள். பாதிக் கேஸ் இங்கேயே தீரும்.

தீரவில்லையா? கம்பிக்கும் சலைனுக்கும் இடையே தடை எவ்வளவு என்று அளக்க வேண்டும். எலெக்ட்ரீசியன் வைத்திருக்கும் 500 வோல்ட் மெகரைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள், சென்சார் அங்கேயே செத்துவிடும். சில வோல்ட்டில் மெகா ஓம் அளக்கும் மீட்டர் போதும். காய்ந்தபோது அளவுக்கு மேல் போகும் எண், சலைனில் விட்டு ஒரு மணி நேரத்தில் சரசரவென்று இறங்கினால் பூச்சில் ஓட்டை இருக்கிறது.

பிறகு மைக்ரோஸ்கோப். சென்சாருக்குள் இருக்கும் பிரிட்ஜ் சர்க்யூட்டுக்கு வோல்ட்டேஜ் கொடுத்தபடியே நுனியைச் சலைன் துளிக்குள் வைத்துப் பாருங்கள். எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: தங்கக் கம்பி சென்சாரைத் தொடும் இடத்தில், பசை மூடாத ஒரு முனையிலிருந்து மணிச்சரம் போல மிகச் சிறிய குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. அங்கே சலைன் மின்பகுப்பு ஆகிறது என்று அர்த்தம். அந்த முனை நாளுக்கு நாள் அரித்துக்கொண்டு போகும், ஜீரோ அதன் பின்னாலேயே போகும். இந்தச் சென்சாரைத் தூக்கிப் போடுங்கள், மேலே இன்னொரு பசை பூசிக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அடுத்ததில் பசை பூசுமுன் நன்றாகக் கழுவி உலர்த்தி, அதன்மேல் ஈரம் தடுக்கும் பாரிலீன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு போடப் பாருங்கள்.

மூன்று சென்சார் அடுத்தடுத்து இப்படிப் போனால் நிபுணரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. சென்சார் பேக்கேஜிங் தெரிந்தவர், மின்வேதியியல் தெரிந்தவர், இரண்டு பேரும் வேண்டும். அரிப்பைப் பற்றிக் கேட்கக் காரைக்குடிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊருக்குள்ளேயே இருக்கிறது. அரிப்பு அங்கே முழுநேர ஆராய்ச்சி.

அறிகுறி 2: அடைப்பே இல்லாத இடத்தில் விகிதம் 1.00 வரவில்லை

நுனி சென்சார் கைடு கதீட்டரின் வாயை ஒட்டி வெளியே நிற்கும்போது இரண்டு பிரஷரும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் வரம்பு 0.98 முதல் 1.02. அதற்கு வெளியே என்றால் மேலே போகாதீர்கள்.

முதல் சந்தேகம் உயரம். டிரான்ஸ்டியூசர் ஒரு செ.மீ. கீழே இறங்கினால் கைடு பிரஷர் 0.74 கூடும். பத்து செ.மீ. தவறினால் 7. கம்பத்தில் மாட்டிய டிரான்ஸ்டியூசர் கிளிப் தளர்ந்து சரிந்திருப்பது சாதாரணமாக நடக்கும். கண்ணால் மட்டம் பார்க்காதீர்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியும் நீளக் குழாய், இதற்கு மிக நல்ல கருவி. எங்கள் மேஜை ஒரு பக்கம் ஒன்றரை செ.மீ. தாழ்ந்திருந்ததை அதுதான் காட்டிக் கொடுத்தது.

அடுத்தது, கதீட்டரை நுழைக்கும் ஊசி. ஒய் கனெக்டரின் வால்வுக்குள் இன்ட்ரொட்யூசர் ஊசியை விட்டு, அதன் வழியாகக் கதீட்டரையோ பிரஷர் வயரையோ (சென்சார் பொருத்திய, தமனிக்குள் போகும் மெல்லிய கம்பி) நுழைப்போம். நுழைத்த பிறகு ஊசியை வெளியே எடுத்து வால்வை இறுக்க வேண்டும். மறந்தால் அந்த இடுக்கில் பிரஷர் கசியும், கைடு பிரஷர் சில புள்ளி குறைவாகக் காட்டும், விகிதம் 1-ஐத் தாண்டி நிற்கும். மதுரையில் ஒரு கேத் லேப்பில் வேலை பார்க்க அனுமதி கிடைத்தபோது, அங்கிருந்த மூத்த டெக்னீஷியன், பட்டனை அழுத்தி இரண்டு பிரஷரையும் ஒரே எண் காட்டும்படி சமப்படுத்தும் முன்பு ஒவ்வொரு முறையும் சத்தமாக ஒரே கேள்வியைக் கேட்பார்: “ஊசியை எடுத்தாச்சா தம்பி?” பதில் வராமல் அவர் பட்டனைத் தொடமாட்டார். எங்கள் பட்டறைச் சுவரிலும் அந்தக் கேள்வியை எழுதி ஒட்டிவிட்டோம். ஊசி உள்ளே இருக்கும்போது சமப்படுத்தி, பிறகு எடுத்துவிட்டு அளந்தால் இன்னும் மோசம். பிழை எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும், 1.00 என்று திரை சாதிக்கும்.

பக்கத் துளை உள்ள கைடு கதீட்டரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். வாயில் உள்ள பிரஷரும் துளை வழி வரும் பிரஷரும் கலந்து வரும்.

சமப்படுத்தியாகிவிட்டது, குழாயில் அடைப்பும் வைக்கவில்லை, ஆனாலும் தூரத்தில் போனால் 0.96 வருகிறது என்றால் போலித் தமனி எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். தூர முனை ஐந்து செ.மீ. மேலே ஏறியிருந்தால் அந்த 4 அங்கே போய்விட்டது. இது சென்சார் பிழை அல்ல, இயற்பியல். மல்லாந்து படுத்த மனிதரிடமும் இதயத்தின் முன்பக்கம் ஓடும் தமனி மேலேதான் இருக்கும், பின்பக்கம் ஓடுவது கீழே. அதனால் மேஜையில் எல்லாம் ஒரே மட்டத்தில் ஓடட்டும். உயரப் பிழையை வேண்டுமென்றே ஒரு நாள் தனியாக அளந்து குறித்து வையுங்கள்.

இத்தனையும் பார்த்தபின்னும் வரவில்லை, தூண் குழாயில் இரண்டு பிரஷரும் தனித்தனியே சரி என்றால், வெளி டிரான்ஸ்டியூசரை மாற்றிப் பாருங்கள். அவை பொதுவாக ஒரு வோல்ட் ஊட்டத்துக்கு, பிரஷர் ஒன்றுக்கு 5 மைக்ரோவோல்ட் தரும். 5 வோல்ட் கொடுத்தால் 100 பிரஷருக்கு 2.5 மில்லிவோல்ட். மீட்டரில் இந்தக் கணக்கு தவறினால் டிரான்ஸ்டியூசர் அல்லது கேபிள். கணக்கு சரியாக இருந்து திரை மட்டும் தவறினால் பெட்டியின் ஆம்ப்ளிஃபையர், அது சர்க்யூட் செய்தவரிடம் போக வேண்டும்.

அறிகுறி 3: கைடு பிரஷர் அலை மழுங்கிக் கிடக்கிறது

உச்சி தட்டையாகி, இறக்கத்தில் இருக்க வேண்டிய சின்னப் பள்ளம் காணாமல் போயிருக்கும். பத்தில் ஒன்பது முறை காற்றுக்குமிழ். ஸ்டாப்காக்கின் மூட்டு, டிரான்ஸ்டியூசரின் கூம்பு, இரண்டையும் விரலால் தட்டிக்கொண்டே சலைன் விட்டுக் கழுவுங்கள். குளிர்ந்த சலைன் சூடாகும்போது தானே குமிழ் விடும், ஆகவே பாட்டிலை முதல் நாளே அறையில் வைத்துவிடுங்கள். பிறகு குழாய்: மென்மையான, நீளமான டியூப் ஒவ்வொரு அடியிலும் அலையைத் தின்னும். கட்டியான, குட்டையான பிரஷர் லைனுக்கு மாறுங்கள். லைனில் கான்ட்ராஸ்ட் மருந்து (ஆஞ்சியோ படத்துக்காக விடும் சாயம்) நிற்கிறதா, எங்காவது மடிந்திருக்கிறதா, சலைன் பையை அழுத்தும் பிரஷர் பேக் 300-ல் இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை.

மேஜையில் இது ஒரு தொல்லை மட்டுமே. கேத் லேப்பில் அலை திடீரென்று மழுங்கினால் கைடு கதீட்டர் தமனியின் வாயை அடைத்துக்கொண்டிருக்கலாம், அல்லது உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அங்கே கருவிக்காரர் வாய் திறக்கக் கூடாது, கை வைக்கவும் கூடாது. கார்டியாலஜிஸ்ட் முடிவு செய்யும் இடம் அது. தடதடவென்று ஃபிளஷ் செய்யச் சொல்லிவிடாதீர்கள், உறைந்த ரத்தம் உள்ளே போய்விடும்.

அறிகுறி 4: அலை துள்ளுகிறது

மேல் பிரஷர் நுனியைவிடப் பத்து, பதினைந்து கூடுதலாகக் குத்தி நிற்கும், சராசரி மட்டும் ஒத்துப்போகும். ஃபிளஷ் வால்வை ஒரு நொடி இழுத்து விட்டுப் பாருங்கள். விட்டதும் ஒன்றிரண்டு அதிர்வில் அடங்கினால் லைன் நன்று. ஐந்தாறு முறை ஆடினால் லைன் நீளம், நடுவில் தேவையில்லாத ஸ்டாப்காக்குகள். குறையுங்கள். எஃப்.எஃப்.ஆர். சராசரி பிரஷரை வைத்துக் கணக்கிடுவதால் இந்தத் துள்ளல் அதைப் பெரிதாகக் கெடுக்காது. ஓய்வு நிலையில், துடிப்பின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் அளவைகளை முயல்பவர்கள் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். அவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தண்ணீர் நிரம்பிய லைன் வழியே வரும் கைடு அலை, நுனி அலையைவிடச் சற்றுப் பிந்தி வரும். நேரத்தை ஒத்திசைக்காமல் வெட்டினால் தவறான துண்டுதான் கையில் வரும்.

அறிகுறி 5: கோட்டின்மேல் ரோமம் முளைத்தது போல் இரைச்சல்

ரோமங்களுக்கிடையே உள்ள தூரத்தை அளந்தால் 20 மில்லிசெகண்ட் வருகிறதா? அது 50 ஹெர்ட்ஸ், வீட்டுக் கரண்ட். சார்ஜரை எடுங்கள், டியூப்லைட்டை அணையுங்கள், கேபிளைப் பம்ப் மோட்டாரிலிருந்து விலக்குங்கள். போனால் நல்லது.

கரண்ட் கட்டானபோது மட்டும் வந்தால் இன்வெர்ட்டர். சதுர அலை இன்வெர்ட்டரில் இந்த வேலையே செய்யாதீர்கள், சைன் அலை உள்ளதற்கு மாறுங்கள். பேட்டரியில் மட்டும் பெட்டியை ஓட்டிப் பார்த்தால் இரைச்சல் உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

பங்குனி, சித்திரையில் மட்டும் வந்தால் எர்த்தைப் பாருங்கள். எங்கள் பக்கம் செம்மண்ணும் செம்பூராங்கல்லும். கோடையில் எர்த் குழி காய்ந்து கல்லாகிவிடும். பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, மறுநாள் அளந்து பாருங்கள். குறைந்தால் காரணம் அதுதான். நிரந்தரத் தீர்வுக்கு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் தடையை அளந்து புதுக் குழி போடச் சொல்லுங்கள். பழைய வீட்டு வயரிங்கில் நீங்களே கை வைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் இரைச்சல் போகிறது என்று யாராவது சொல்வார்கள், உண்மையிலேயே போகவும் செய்யும். இதயத்துக்குள் போகும் கருவிக்கு ஐ.இ.சி. 60601-1 என்ற, மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரம் அனுமதிக்கும் கசிவு மின்னோட்டம் சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர், ஒரு பாகம் பழுதானாலும் 50. விரலுக்கு உறைக்காத அளவு அது. இதயத் தசைக்குள் நேராகப் போனால் இவ்வளவு கொஞ்சத்திலேயே கவனம் வேண்டும் என்பதால்தான் இந்த எல்லை. நுனிக்கும் பெட்டிக்கும் இடையே தனிமைப்படுத்தும் சர்க்யூட் சரியாக இருக்கிறதா என்பதை அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடம்தான் சொல்ல முடியும். உங்கள் மீட்டர் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அறிகுறி 6: வளைவில் போகும்போது மட்டும் எண் தாவுகிறது

நேராக இருக்கும்போது சரி, வளைந்த குழாயில் 5 அல்லது 10 தாவல். கதீட்டரை உருளையில் சுற்றிப் பாருங்கள், எங்கே தாவுகிறது என்று தெரியும். நடுவில் என்றால் கம்பி முறிவு, திருத்த முடியாது. நுனியில் என்றால் வளைவின் இழுவை பசை வழியாகச் சென்சார்மேல் ஏறுகிறது. சென்சாரை ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டி, மீதி மிதக்கும்படி விட்டால் குறையும். கடினமான பசையைவிட மென்மையான சிலிக்கோன் நல்லது.

அறிகுறி 7: எல்லாம் சரி, ஆனாலும் வயரைவிட எண் எப்போதும் குறைவு

மேலே சொன்ன எல்லாவற்றையும் கடந்து வந்தவர்களுக்கு மட்டும் இது தெரியும். தூண் குழாயில் சரி, சமப்படுத்தல் சரி, இழுத்து வெளியே கொண்டுவந்தால் 1.00. ஆனால் அடைப்பைத் தாண்டியதும், அதே அடைப்பில் சந்தையில் கிடைக்கும் பிரஷர் வயர் 0.84 என்று சொல்லும்போது நம் கதீட்டர் 0.78 என்கிறது. அடைப்பு இறுக இறுக வித்தியாசமும் கூடுகிறது.

முதலில் மலிவான காரணம். கிளிசரின் கலவை காலையில் ஒரு கெட்டி, மதியம் ஒரு கெட்டி. சூடானால் இளகும், ஓட்டம் மாறும், விகிதம் மாறும். பத்துக்கு நாலு கிளிசரின் என்று அளவோடு கலந்து, 37 டிகிரியில் வைத்து, இரண்டு கருவியையும் பத்து நிமிட இடைவெளிக்குள் அளந்து பாருங்கள். வித்தியாசம் அப்படியே நின்றால் அடுத்த சோதனை.

வயரை அடைப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இப்போது நம் கதீட்டரை வயருக்குப் பக்கத்தில், அடைப்பு வழியாகத் தள்ளுங்கள். வயரின் எண்ணைப் பாருங்கள், நம்முடையதை அல்ல. வயர் அசையாமல் இருந்தால் நம் சென்சாரில்தான் பிழை, அறிகுறி ஒன்றுக்குத் திரும்புங்கள். வயரின் எண்ணே இறங்கினால், நம் கருவி பொய் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் அந்த உண்மையை அதுவே உண்டாக்கிவிட்டது. ஏற்கெனவே குறுகலான பாதையில் அதன் உடம்பே இன்னொரு அடைப்பாக நிற்கிறது.

கணக்கு இது. அடைப்பின் உள்விட்டம் 1.2 மி.மீ. என்றால் பரப்பு 1.13 சதுர மி.மீ. பிரஷர் வயர் 0.36 மி.மீ. தடிமன், அது எடுத்துக்கொள்வது 0.10, அதாவது 9 சதவீதம். எங்கள் முதல் கதீட்டர் 0.7 மி.மீ. அது எடுத்துக்கொண்டது 0.38, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். 0.84-ல் வீட்டுக்குப் போக வேண்டியவரை நாங்கள் 0.78-க்கு இழுத்துவந்து ஸ்டென்ட் மேஜையில் படுக்க வைத்திருப்போம். அந்த மாலையில் எங்கள் நான்கு பேரில் யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

இதைச் சாஃப்ட்வேரில் கழித்துவிடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது. அடைப்பின் நீளம், வடிவம், ஓட்டம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்போது எவ்வளவு கழிப்பது என்று அந்த மேஜையில் யாருக்கும் தெரியாது. கழிப்பதைக் கைவிட்டோம். மெலிய வைப்பது ஒன்றுதான் வழி. 0.55 மி.மீ.க்கு இறக்கினால் அதே அடைப்பில் 21 சதவீதம்தான் அடைபடும். அதற்குக் கம்பிகளை மெலிதாக்க வேண்டும், கம்பி மெலிந்தால் தடை கூடும், குழாய்ச் சுவர் மெலிந்தால் தள்ளும்போது மடியும். செலவில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது: புது அச்சு, புது எக்ஸ்ட்ரூஷன், பழைய சோதனைகள் அத்தனையும் மறுபடி. இங்கே கதீட்டர் குழாய் இழுக்கத் தெரிந்த தொழிற்சாலைக்காரரும், மேஜைக்கு வந்து உட்கார்ந்து எண்களைப் பார்க்கும் ஒரு கார்டியாலஜிஸ்ட்டும் இல்லாமல் ஓரடியும் வைக்காதீர்கள். மனிதரிடம் சோதிக்கும் நாள் வரும்போது, 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி சி.டி.எஸ்.சி.ஓ. (மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். வயர் சோதனையில் எண் இறங்கும் கருவியை அந்தக் கதவுவரைகூடக் கொண்டுபோகக் கூடாது.

0.55 மி.மீ. மாதிரி இரண்டு வந்திருக்கின்றன. முதலாவது இப்போது தூணில் தொங்குகிறது, நுனியைக் கறுப்புத் துணி மூடியிருக்கிறது, 136 செ.மீ. கோட்டில் தண்ணீர் நிற்கிறது, திரையில் 100.2.